மசில்லோடர் குறி தவறுகிறதா? மருந்தைக் கூட்டுவதற்கு முன் பார்க்க வேண்டியவை

கார்த்திகை பிறந்துவிட்டால் இரவு எட்டரைக்கு மேல் என் தொலைபேசி அடிக்கத் தொடங்கும். ரொறன்ரோவில் அப்போது காலை பத்து மணி. பெறாமகன் சுடுதிடலில் மசில்லோடரோடு, அதாவது குழல்வாய் வழியாக மருந்தும் குண்டும் இடும் துவக்கோடு, நிற்பான். இங்கே யாழ்ப்பாணத்துக் கோண்டாவிலில் மழை ஓட்டில் கொட்டிக்கொண்டிருக்கும். பாதிச் சொல் கேட்கும், பாதி கேட்காது. கேட்கும் பாதி எப்போதும் ஒன்றுதான்: "சித்தப்பா, சரிவரவில்லை. மருந்தைப் பத்துக் கிரெயின் கூட்டட்டுமா?" மருந்து என்றால் வெடிமருந்து, கிரெயின் அதை அளக்கும் அலகு.

நான் ஒன்ராறியோவில் பத்தொன்பது வருடம் லேத் பட்டறையில் வேலை பார்த்தவன். அதில் பதினான்கு மான் பருவம் இதே துவக்கோடு காட்டில் நின்றிருக்கிறேன். ஊருக்குத் திரும்பும்போது துவக்கை அவனிடம் முறைப்படி மாற்றிக் கொடுத்துவிட்டு வந்தேன். துவக்கு அங்கே இருக்கிறது, அதன் கோளாறு மட்டும் என்னைத் தேடி வந்துகொண்டிருக்கிறது. இத்தனை அழைப்புகளில் மருந்தைக் கூட்டியதால் தீர்ந்த கோளாறு ஒன்றுகூட எனக்கு நினைவில்லை. அவனுடைய நண்பர்களும் கேட்கத் தொடங்கிவிட்டதால் எழுதி வைக்கிறேன்.

ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன். இது கனடா போன்ற நாட்டில் அனுமதிப்பத்திரத்தோடு, கடையில் வாங்கிய .50 கலிபர் (அரை அங்குலத் துளை) துவக்கை வைத்து மான் வேட்டைக்குப் போகிறவர்களுக்கு. வன்னிக் காட்டில் பன்றிக்கென்று கட்டிவைக்கும் கட்டுத்துவக்குக்கு இதில் ஒரு வரியும் இல்லை. அந்தத் துவக்குக்குப் பன்றி எது, விறகுக்குப் போன மனிதன் எது என்று தெரியாது.

மாறாத நான்கு விதிகள். நவீனத் தோட்டாக்களில் இருக்கும் புகையற்ற மருந்து இந்தக் குழலுக்குள் போகவே கூடாது, இதற்கு உரியது கருமருந்தும் அதற்கான மாற்று மருந்துகளும்தான். ஒரு சிட்டிகை போனாலும் குழல் வெடித்துப் பிளக்கலாம். துவக்கோடு வரும் கைநூலில் போட்டிருக்கும் உச்ச அளவுக்கு மேல் பேச்சில்லை. மருந்தைப் போத்தலிலிருந்து நேராகக் குழலுக்குள் ஊற்றாதீர்கள், உள்ளே ஒரு பொறி மிஞ்சியிருந்தால் கையில் இருப்பது போத்தலல்ல, குண்டு. அளவுக்குழாயில் எடுத்தே ஊற்றுங்கள். நான்காவது, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள்.

துளைகள் குறி அட்டை முழுவதும் பரந்து கிடக்கின்றன

காசு செலவில்லாததிலிருந்து தொடங்குங்கள்.

முதலில் ஆணிகள். குறிபார்க்கும் தொலைநோக்கியான ஸ்கோப்பைப் பிடித்திருக்கும் வளையங்கள், அதன் அடித்தட்டு, குழலை மரப்பிடியோடு இணைக்கும் ஆணி எல்லாவற்றையும் திருகிப் பாருங்கள். 2011 பருவத்தில் ஒரு சனிக்கிழமை முழுவதும் நாற்பது குண்டுக்கு மேல் சுட்டுத் தீர்த்தேன். மூன்று வகை மருந்து மாற்றினேன். மாலையில் துவக்கைப் பைக்குள் வைக்கும்போது ஸ்கோப் என் கட்டைவிரலுக்கு அசைந்து கொடுத்தது. ஆணி அரைச் சுற்றுக் கழன்றிருந்தது. அந்த நாற்பது குண்டின் விலையை இன்னும் மறக்கவில்லை.

அடுத்து, துவக்கை எதன்மேல் வைத்துச் சுடுகிறீர்கள்? குழலையே மேசை விளிம்பில் சாய்த்து வைத்தால் ஒவ்வொரு வெடிக்கும் அது வெவ்வேறு விதமாகத் துள்ளும். மணல்பை மரப்பிடியின் கீழே இருக்க வேண்டும், குழல் எதையும் தொடக்கூடாது.

மூன்றாவது துடைப்பு. பாதி அழைப்புகள் இந்த இடத்திலேயே முடிந்துவிடும். முதல் வெடி சுத்தமான குழலில், இரண்டாவது கரி படிந்த குழலில், மூன்றாவது அதைவிடக் கரியான குழலில் என்று போனால் மூன்று வெவ்வேறு துவக்கால் சுட்டதற்குச் சமம். ஒவ்வொரு வெடிக்குப் பின்னும் ஈரத்துணி ஒரு முறை, உலர்ந்த துணி ஒரு முறை. ஈரம் என்றால் பிழிந்த ஈரம், சொட்டும் ஈரமல்ல. ஒருமுறை இரண்டு துணி, மறுமுறை நான்கு துணி என்று மனம்போனபடி செய்தால் துடைத்ததற்கே பயனில்லை.

நான்காவது, குண்டு மருந்தின்மேல் உட்கார்ந்ததா? இடிகோலைக் காலிக் குழலுக்குள் விட்டு, வாய் மட்டத்தில் கோலில் ஒரு கோடு போடுங்கள். மருந்தும் குண்டும் போட்டு அழுத்திய பிறகு இன்னொரு கோடு. இனி ஒவ்வொரு முறையும் இரண்டாவது கோடு வாயோடு நேராக நிற்க வேண்டும். பேனாக் கோடு இரண்டு நாளில் அழிந்துபோகும், கத்தியால் சிறிதாகக் கீறிக்கொள்ளுங்கள். மருந்தின் அளவை மாற்றினால் இரண்டாவது கோட்டையும் மாற்ற வேண்டும் என்பதை மறந்துவிடாதீர்கள்.

இத்தனையும் சரியாக இருந்தும் பரந்தே கிடந்தால், குண்டும் குழலின் உள்ளே சுழன்று போகும் புரியும் பொருந்தவில்லை என்று சந்தேகிக்கலாம். இங்கிருந்து செலவு தொடங்குகிறது. புரி எத்தனை அங்குலத்தில் ஒரு முழுச் சுற்றுச் சுற்றுகிறது என்பதுதான் கணக்கு. 60 முதல் 66 அங்குலத்துக்கு ஒரு சுற்று என்றால் அது துணி சுற்றிய உருண்டைக் குண்டுக்காக வெட்டிய குழல். 28 அங்குலத்துக்கு ஒரு சுற்று என்றால் நீள குண்டுக்கும், சாபோ என்ற பிளாஸ்டிக் உறைக்குள் வைத்த குண்டுக்கும் உரியது. 48 இரண்டுக்கும் நடுவில் செய்த சமரசம். உருண்டையை நன்றாகவே போடும், நீள குண்டில் சிலவற்றை ஏற்கும், சிலவற்றைத் துப்பும். பெறாமகனின் நண்பன் ஒருவன் 66 அங்குலக் குழலில் சாபோ போட்டு மூன்று வாரம் மருந்து மாற்றிக்கொண்டிருந்தான். அந்தக் குழலில் எந்த மருந்தாலும் அது திருந்தாது. அட்டையில் துளை வட்டமாக இல்லாமல் முட்டைபோல இருந்தால் குண்டு குட்டிக்கரணம் போட்டுக்கொண்டு போகிறது என்று அர்த்தம், காரணமும் பெரும்பாலும் இதுவே.

குழலில் எண் பொறிக்கப்படவில்லையா? துவக்கில் மருந்தோ அதைப் பற்றவைக்கும் சிறு கேப்போ இல்லை என்று உறுதிசெய்துகொள்ளுங்கள். பிடி தானாகச் சுழலும் கோலில் இறுக்கமான துணியை மாட்டி அடிவரை விடுங்கள். கோலின் மேற்பக்கம் ஒரு புள்ளி வைத்து மெதுவாக இழுங்கள். புள்ளி கால் சுற்றுத் திரும்புவதற்குள் கோல் எத்தனை அங்குலம் வெளியே வந்தது என்று அளந்து நான்கால் பெருக்குங்கள். ஏழு அங்குலம் என்றால் 28, பன்னிரண்டு என்றால் 48.

மருந்தின் அளவுக்கு இப்போதுதான் வருகிறோம். 50 யார் (கஜம்) தூரத்தில் அட்டை வையுங்கள். உருண்டைக் குண்டுக்கு 60 கிரெயினில் தொடங்கி, ஐந்து ஐந்தாகக் கூட்டி, ஒவ்வோர் அளவுக்கும் மூன்று வெடி. நெருப்பு நேர் பின்னாலிருந்து வரும் இன்லைன் துவக்கில் சாபோவுக்கு 80இல் தொடங்கலாம். எதுவானாலும் கைநூலின் வரம்புக்குள். இந்தக் கிரெயின் எல்லாம் அளவுக்குழாயின் கொள்ளளவுக் கணக்கு, தராசுக் கணக்கு அல்ல. இரண்டையும் குழப்புகிறவர்கள் நிறையப் பேர். கூட்டக் கூட்டத் துளைகள் நெருங்கிவரும், ஓர் இடத்துக்குப் பிறகு மறுபடி விரியும். நெருங்கிய இடத்தில் நின்றுவிடுங்கள். இன்னும் பத்துக் கிரெயின் கூட்டினால் மான் இன்னும் நன்றாக விழும் என்று நினைப்பது தோள்பட்டைக்கு நீங்கள் செய்யும் துரோகம்.

மருந்து மணியின் பருமனும் முக்கியம். .50 குழலுக்கு இரண்டு எஃப் குறியிட்ட மணி வழக்கம், .45உம் அதற்குக் கீழும் மூன்று எஃப். ட்ரிப்பிள் செவன் என்ற மாற்று மருந்து அதே கொள்ளளவில் கருமருந்தைவிட வலுவானது. கருமருந்துக்குக் கண்ட அளவிலிருந்து 15 வீதம் குறைத்தே அதைத் தொடங்க வேண்டும். 90க்குப் பதில் 76 என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் வெடி ஒரு பக்கம், அடுத்தவை எல்லாம் ஒன்றாக இன்னொரு பக்கம்

எண்ணெய். வேறு காரணம் தேட வேண்டாம். துவக்கைக் கழுவி எண்ணெய் பூசி வைத்தீர்கள், அதே எண்ணெயோடு முதல் வெடியைச் சுட்டீர்கள். மருந்திடுவதற்கு முன் உலர்ந்த துணி இரண்டு விட்டுத் துடையுங்கள். பிறகு மருந்து இல்லாமல் வெறும் கேப் இரண்டு வெடித்து கேப் உட்காரும் நிப்பிளையும் நெருப்புப் போகும் வழியையும் உலர்த்துங்கள். குழல்வாயைத் தரையில் கிடக்கும் சருகுக்கு அருகே பிடித்து வெடித்தால் சருகு பறக்க வேண்டும். பறந்தால் வழி திறந்திருக்கிறது.

அப்படியும் முதல் வெடி விலகினால் அது துவக்கின் இயல்பு. காட்டில் உங்களுக்குக் கிடைக்கப்போவது அந்த முதல் வெடி மட்டுமே, மற்ற இரண்டும் எவ்வளவு அழகாக விழுந்தாலும் மானுக்குத் தெரியப்போவதில்லை. ஆகவே ஒரே அட்டையை மூன்று நாள் பத்திரமாக வைத்து, ஒவ்வொரு நாளும் சுத்தமான குழலில் ஒரே ஒரு வெடி போடுங்கள். அந்த மூன்று துளைக்கும் ஸ்கோப்பைத் திருத்துங்கள்.

துளைகள் நூல் பிடித்ததுபோல் மேலும் கீழுமாக விழுகின்றன

பக்கவாட்டில் சரி, உயரத்தில் மட்டும் பிழை என்றால் குண்டின் வேகம் வெடிக்கு வெடி மாறுகிறது.

அளவுக்குழாயை நிரப்பும் விதத்தைப் பாருங்கள். ஒருமுறை தட்டி நிரப்பி, மறுமுறை தட்டாமல் நிரப்பினால் அளவு மாறிவிடும். சற்று மிதமிஞ்ச ஊற்றி, மூன்று முறை தட்டி, விளிம்போடு வழித்துவிடுங்கள். அம்மா அரிசி அளக்கும்போது கொத்தைத் தலைவழிப்பதுபோல.

கோலை அழுத்தும் பலத்தைப் பாருங்கள். கோல் துள்ளும்வரை இடிக்கிற பழக்கம் சிலருக்கு உண்டு. மெல்லிய ஈயம் அடிபட்டு முகம் தட்டையாகும், மருந்து மணி நொறுங்கும். ஒரே பலத்தோடு ஓர் அழுத்து போதும். வில்லையாக வரும் மருந்து போடுகிறவர்கள் இன்னும் மென்மையாக அழுத்த வேண்டும், வில்லை உடைந்தால் எரியும் வேகமே மாறிவிடும். பைரோடெக்ஸ் என்ற மாற்று மருந்தின் வில்லையில் ஒரு முனை கறுத்திருக்கும். அந்த முனை கீழே, நெருப்பு வரும் பக்கம் போக வேண்டும். தலைகீழாகப் போட்டுவிட்டு "சித்தப்பா, மருந்து பழசு" என்றவர்களும் உண்டு.

கடைசியாகக் குண்டின் நிறை. .490 அங்குல உருண்டை தராசில் ஏறத்தாழ 177 கிரெயின் இருக்கும். வீட்டில் வார்த்த குண்டில் காற்றுக்குமிழ் இருந்தால் தராசு காட்டிக்கொடுக்கும். குறைந்ததை மறுபடி உருக்குங்கள்.

உருண்டைக் குண்டு காரணமில்லாமல் பறந்து போகிறது: துணியைப் போய்ப் பொறுக்குங்கள்

குண்டைச் சுற்றிப் போன துணி பத்துப் பதினைந்து யார் தூரத்தில் விழுந்து கிடக்கும். சுடுதிடலில் எல்லோரும் சுடுவதை நிறுத்தி, போகலாம் என்று சொன்ன பிறகு போய் எடுத்து வாருங்கள். துவக்குக்குள் நடந்ததெல்லாம் அந்தத் துணியில் எழுதியிருக்கும்.

நல்ல துணி வட்டமாக, ஓரம் சற்றுப் பிய்ந்து, நடுவில் குண்டு உட்கார்ந்த தடத்தோடு, சாம்பல் நிறமாக இருக்கும். இன்னொரு முறை பாவிக்கலாம் என்று தோன்றும். அப்படி இருந்தால் துணிமேல் குற்றமில்லை.

நடுவில் எரிந்து ஓட்டை விழுந்திருந்தால் துணி மெல்லியது, அல்லது கொழுப்புப் போதவில்லை. தடித்த துணி பாருங்கள். அதற்கும் மசியாவிட்டால் மருந்துக்கும் குண்டுக்கும் இடையில் கம்பளி வில்லை ஒன்று வையுங்கள்.

நடுத்தடத்தைச் சுற்றி வரிசையாக வெட்டு விழுந்திருந்தால் புரியின் விளிம்பு வெட்டுகிறது. புதுத் துவக்கில் இது சாதாரணம், நூறு இருநூறு வெடிக்குள் விளிம்பு மழுங்கிவிடும். பழைய துவக்கில் என்றால் குழல்வாயில் கீறல் இருக்கலாம். சிறிது பஞ்சை வாயின் உள்விளிம்பைச் சுற்றித் தடவுங்கள். நார் சிக்கிய இடத்தில் கோளாறு. அதை அரத்தால் நீங்களே ராவ வேண்டாம், துவக்குப் பட்டறைக்குக் கொடுங்கள். லேத்தில் பத்தொன்பது வருடம் நின்ற நானே என் துவக்கின் வாயை வேறொருவரிடம்தான் கொடுத்தேன்.

துணி நாரு நாராகக் கிழிந்து வந்தால் துணியே தவறு. பெறாமகன் ஒருமுறை பழைய பனியனை வெட்டிப் போட்டிருக்கிறான். இழுத்தால் நீளும் எந்தத் துணியும் உதவாது. நெருக்கமாக நெய்த பருத்தி, தடிப்பு 0.015 அங்குலம், .490 குண்டுக்கு நல்ல தொடக்கம். கடையில் வாங்கிய புதுத் துணியைக் கஞ்சி போகக் கழுவிக் காயவைத்துப் பிறகு வெட்டுங்கள். கஞ்சியோடு போட்டால் மொரமொரத்து உடையும். பூசுவதற்குத் தேன்மெழுகும் கொழுப்பும் போதும். என்ஜின் எண்ணெய் போன்ற பெட்ரோலிய எண்ணெய் கருமருந்தோடு சேர்ந்தால் குழலுக்குள் தார்போல் இறுகிவிடும்.

மூன்றாவது நான்காவது வெடிக்குக் குண்டு இறங்க மறுக்கிறது

கரி. துடையுங்கள். அடியிலிருந்து இரண்டு மூன்று அங்குலத்துக்குள் எப்போதும் ஒரே இடத்தில் முட்டினால், அது ட்ரிப்பிள் செவன் பாவிக்கிறவர்களுக்கு நன்கு பழக்கமான கரிவளையம். ஈரத்துணியை அந்த இடத்தில் சிறிது சிறிதாக முன்பின் தேய்த்தால் போய்விடும். கேப்பின் வேலையைச் செய்யும் 209 பிரைமரில் சூடு குறைந்த வகைக்கு மாறினால் வளையமும் சிறுக்கும்.

சுத்தமான குழலிலேயே இறுகினால் துணியின் தடிப்பைக் குறையுங்கள், சாபோவானால் வேறு வகை பாருங்கள்.

பாதி வழியில் சிக்கிய குண்டை "வெடித்துத் தள்ளிவிடலாம்" என்று நினைக்கவே வேண்டாம். மருந்துக்கும் குண்டுக்கும் நடுவே வெளி இருந்தால் குழல் வீங்கும், அல்லது பிளக்கும். கேப்பை எடுத்துவிட்டு, குழல்வாயை ஆட்களில்லாத பக்கம் திருப்பி, குண்டை இழுக்கும் திருகாணியாலோ காற்றழுத்தக் கருவியாலோ எடுங்கள். கோலின் நேர்மேலே கையும் முகமும் இருக்கக்கூடாது.

மருந்தே போடாமல் குண்டை இறக்கிவிட்டாலும் வழி இதுவே. எல்லோரும் ஒருமுறையாவது செய்த தவறு. பெறாமகன் அன்று தொலைபேசியில் இரகசியம் பேசுவதுபோல் கிசுகிசுத்தான், பக்கத்து மேசைக்காரர் கேட்டுவிடுவாரோ என்று. மருந்து இல்லை என்று எவ்வளவு நிச்சயமாகத் தெரிந்தாலும் இருக்கிறது என்று எண்ணியே கை வையுங்கள்.

கேப் வெடிக்கிறது, துவக்கு வெடிக்கவில்லை. அல்லது தாமதித்து வெடிக்கிறது

அசையாதீர்கள். குழல்வாய் இலக்கை நோக்கியே இருக்கட்டும். இரண்டு நிமிடம் கடிகாரம் பார்த்து எண்ணுங்கள். உள்ளே ஊதுபத்திபோல் நெருப்புக் கனன்றுகொண்டிருக்கலாம்.

பிறகு புதுக் கேப் வைத்து, இலக்கை நோக்கியபடியே ஒருமுறை முயலுங்கள். வெடிக்காவிட்டால் மறுபடி அதே காத்திருப்பு. அடுத்து மெல்லிய கம்பியால் நிப்பிளின் துளையைக் குத்துங்கள். மருந்து ஈரம்பட்டதா என்று பாருங்கள். கார்த்திகையில் எங்கள் வீட்டு உப்புப் போத்தல் எப்படிக் கசிகிறதோ, குழலில் மிஞ்சிய கரியும் அப்படியே காற்றின் ஈரத்தை இழுக்கும். கனடாவில் இன்னொரு வழியும் உண்டு: உறைகுளிரில் நின்ற துவக்கைச் சூடான வீட்டுக்குள் கொண்டுபோனால் குழலின் உள்ளும் வியர்க்கும். பருவ நாட்களில் மருந்து, குண்டு, கேப் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, சட்டப்படி பூட்டி, குளிரான இடத்திலேயே வையுங்கள்.

மருந்து மாற்றினீர்களா என்றும் யோசித்துப் பாருங்கள். பிளாக்ஹோர்ன் 209 என்ற மருந்து, பெயரில் இருக்கும் 209 பிரைமருக்கே பற்றும். 11ஆம் எண் கேப் அதற்குப் போதாது.

துளைகள் நெருக்கமாக இருக்கின்றன, இடம் மட்டும் தவறு

மருந்தைத் தொடாதீர்கள். இது கோளாறே அல்ல. பெரும்பாலான ஸ்கோப்பில் திருகை நான்கு சொடுக்குத் திருப்பினால் 100 யாரில் துளை ஓர் அங்குலம் நகரும், 50 யாரில் அதே ஓர் அங்குலத்துக்கு எட்டுச் சொடுக்கு வேண்டும். ஸ்கோப் இல்லாத துவக்கில் பின்குறியை, குண்டு எந்தப் பக்கம் போக வேண்டுமோ அந்தப் பக்கம் நகர்த்துங்கள்.

இந்த இடத்தில் நிறுத்திப் பட்டறைக்குப் போங்கள்

நிப்பிளின் அல்லது குழலின் பின்முனையை அடைக்கும் பிரீச் பிளக்கின் மரை தேய்ந்து புகை பின்னால் வந்தால். சுத்தியல் பாதிக் கொக்கியில் நிற்காமல் நழுவினால். கழுவிய பிறகும் துணி செம்மண் நிறமாகவே வந்துகொண்டிருந்தால். அதன் பிறகு ஒரு வெடியும் வேண்டாம்.

எல்லாவற்றையும்விட, வெறும் குழலில் இறுக்கமான துணியை விடும்போது ஓரிடத்தில் சட்டென்று இலகுவாகி மறுபடி இறுகினால் அங்கே குழல் வளையமாக வீங்கியிருக்கிறது. யாரோ குண்டை முழுவதும் இறக்காமல் சுட்டிருக்கிறார்கள். அதற்கு வைத்தியம் இல்லை, குழலை மாற்ற வேண்டும். போன புரட்டாதியில் பெறாமகன் பாதி விலைக்குக் கிடைக்கிறதென்று ஒரு பழைய துவக்கைப் பார்க்கப் போனான். கோலையும் துணியையும் கொண்டு போ என்றேன். வாயிலிருந்து ஒன்பது அங்குலத்தில் துணி இலகுவாயிற்று. விற்கிறவர் பார்த்துக்கொண்டிருக்க, அவன் அதே இடத்தில் மூன்று முறை இழுத்துப் பார்த்தான், துவக்கை மேசையில் வைத்தான், நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்து எனக்கு அழைத்தான். இங்கே இரவு ஒன்றரை மணி.